கமலா என்று ஒரு பெயர்

க. ம. லா.

மூன்றே எழுத்துகள். கொம்பு இல்லை. புள்ளி இல்லை. கடைசி எழுத்துக்கு மட்டும் ஒரு துணைக்கால். எழுதப் பழகுகிறவர்கள் சீக்கிரமாக எழுதிவிடக்கூடிய பெயர் இது.

இந்தப் பெயர் உள்ள ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். சந்தையில் பூ விற்கும் அம்மாவாக இருக்கலாம். உங்கள் பெயரே கமலாவாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் எந்த மாநிலத்திற்குப் போனாலும் இந்தப் பெயரைக் கேட்கலாம். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கமலா தேவி. மராட்டியத்தில் கமலாபாய். குஜராத்தில் கமலாபென். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் கமலம்மா. கேரளத்தில் கமலம், கமலாட்சி. தமிழ்நாட்டில் கமலா, கமலம், கமலாம்பாள். ஊருக்கு ஊர் வால் மாறுகிறது. தலை மாறவில்லை.

சரி, இவ்வளவு பேர் ஆசையாக வைத்த பெயரை யார் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? சின்ன வயதில் "பாப்பா" என்கிறார்கள். திருமணம் ஆனதும் "மருமகள்" என்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் "முருகனோட அம்மா" என்கிறார்கள். வயதானதும் "பாட்டி" என்கிறார்கள். எல்லாம் அன்பான சொற்கள்தான். ஆனாலும் கமலா என்ற பெயர் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று பார்ப்போம்.

பெயரின் பொருள்

கமலம் என்பது சமஸ்கிருதச் சொல். அதற்குத் தாமரை என்று பொருள். தமிழிலும் பல நூறு ஆண்டுகளாக வழங்கி வருகிறது.

கமலம் பூவின் பெயர். கமலா என்று நீட்டிச் சொன்னால் அது லட்சுமியின் பெயர். லட்சுமி தாமரையில் இருப்பவள் என்பது நம்பிக்கை. வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் "லட்சுமி வந்திருக்கிறாள்" என்பார்கள் அல்லவா? கமலா என்று பெயர் வைத்ததும் அந்த எண்ணத்தில்தான்.

ஆண்களுக்கும் இந்தப் பூவின் பெயர் உண்டு. கமல், கமலக்கண்ணன், கமலநாதன் என்று நம் பக்கத்தில் வைக்கிறார்கள். வடக்கே கமலேஷ் என்பார்கள். கமலாவின் தலைவன், அதாவது திருமால் என்று பொருள். மராட்டியத்தில் கமலாகர் என்று உண்டு. தாமரைகள் நிறைந்த குளம் என்று பொருள். அங்கே கமல் என்பது பெண்ணின் பெயராகவும் இருக்கிறது.

கமால் என்று ஒரு பெயர் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் ஆண்களுக்கு வைப்பார்கள். அது அரபுச் சொல். நிறைவு, குறையில்லாத தன்மை என்று பொருள். கமலமும் கமாலும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. ஆனால் வேர் வேறு, பொருள் வேறு. இரண்டுமே அழகான பெயர்கள்தான்.

வங்காளத்தில் போய்க் கடைக்காரரிடம் கமலா கேட்டால் பூ தரமாட்டார். பழம் தருவார். அங்கே ஆரஞ்சுப் பழத்திற்குக் கமலா என்று பெயர். நம் ஊர்ப் பழக்கடைகளிலும் "கமலா ஆரஞ்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு பூவுக்குப் பல பெயர்

தாமரைக்கு இந்திய மொழிகளில் ஏராளமான பெயர்கள். அவற்றில் பல, மனிதர்களின் பெயர்களாகவும் ஆகிவிட்டன. கீழே உள்ள பெயர்களை மெதுவாகப் படித்துப் பாருங்கள்.

பங்கஜா. சரோஜா. நீரஜா. ஜலஜா. அம்புஜம். வனஜா.

எல்லாப் பெயரிலும் ஓர் எழுத்து வருகிறது. எது? "ஜ" என்ற எழுத்து. இந்தப் பெயர்களின் சாவி அதில்தான் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் சொல்லின் கடைசியில் "ஜ" வந்தால் "பிறந்தது" என்று பொருள்.

பங்கம் என்றால் சேறு. பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது. சரஸ் என்றால் குளம். சரோஜா என்றால் குளத்தில் பிறந்தவள். நீரஜா என்றால் நீரில் பிறந்தவள். ஜலம், அம்பு இரண்டுக்கும் நீர் என்றுதான் பொருள். ஆகவே ஜலஜாவும் அம்புஜமும் நீரில் பிறந்தவையே. வனம் என்பதற்குக் காடு என்ற பொருள் நமக்குத் தெரியும். நீர் என்ற பொருளும் அதற்கு உண்டு. அதனால் வனஜா என்றாலும் தாமரைதான்.

இந்தச் சாவியை வைத்து வேறு பெயர்களையும் திறக்கலாம். கிரி என்றால் மலை. அப்படியானால் கிரிஜா யார்? மலையில் பிறந்தவள். அது பார்வதியின் பெயர்.

"ஜ" இல்லாத தாமரைப் பெயர்களும் உண்டு. பத்மா, நளினி, அரவிந்தன், ராஜீவ் எல்லாம் தாமரைதான். இந்திய அரசு 1954 முதல் வழங்கும் பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளில் உள்ள பத்மமும் தாமரையே. தமிழில் தாமரை என்றே பெயர் வைக்கிறோம். தாமரைச்செல்வி என்றும் வைக்கிறோம்.

குமுதா, குமுதினி என்ற பெயர்களையும் பலர் தாமரை என்று நினைக்கிறார்கள். குமுதம் என்பது அல்லி. தாமரைக்கும் அல்லிக்கும் வேறுபாடு எளிது. அல்லி இலையில் ஒரு வெட்டு இருக்கும். அது தண்ணீர்மேல் படுத்திருக்கும். தாமரை இலையில் வெட்டு இருக்காது. வட்டமாக இருக்கும். இலையும் பூவும் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும்.

அந்தப் பூவின் வாழ்க்கை

தாமரையின் கிழங்கு குளத்தின் அடிச் சேற்றில் கிடக்கிறது. அங்கே வெளிச்சம் குறைவு. காற்றும் மிகக் குறைவு. பிறகு அது எப்படி வாழ்கிறது?

ஒரு தாமரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே நீளமான துளைகள் இருக்கும். இலை மேலே காற்றை வாங்குகிறது. அந்தக் காற்று இந்தத் துளைகள் வழியாகக் கீழே கிழங்குக்குப் போகிறது. வெளிச்சத்தில் நிற்கும் இலை, இருட்டில் கிடக்கும் கிழங்கைக் காப்பாற்றுகிறது.

"தாமரை இலைத் தண்ணீர்போல" என்று சொல்கிறோம். தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை? இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய மேடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் மெழுகு படிந்திருக்கிறது. அதனால் தண்ணீர் உருண்டு ஓடிவிடுகிறது. ஓடும்போது தூசியையும் அழுக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. சேற்றிலிருந்து வந்த இலை சுத்தமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இதே முறையைப் பார்த்து, அழுக்கு ஒட்டாத சுவர் வண்ணப்பூச்சும் செய்திருக்கிறார்கள்.

பூ காலையில் விரிகிறது. பிறகு கூம்புகிறது. மூன்று அல்லது நான்கு நாட்களில் இதழ்கள் உதிர்ந்துவிடுகின்றன. பூவுக்கு ஆயுள் குறைவு. ஆனால் விதைக்கு ஆயுள் மிக அதிகம். வடகிழக்குச் சீனாவில் வறண்டுபோன ஓர் ஏரியின் அடியிலிருந்து தாமரை விதைகளை எடுத்தார்கள். அதில் ஒரு விதைக்குச் சுமார் 1300 வயது. அது முளைத்தது! விஞ்ஞானிகள் இதை 1995-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள்.

நம் நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. காஷ்மீரில் வூலர் என்ற பெரிய ஏரி இருக்கிறது. அங்கே தாமரைத் தண்டை நத்ரு என்கிறார்கள். சமைத்துச் சாப்பிடுவார்கள். அதைப் பறித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. 1992-இல் பெரிய வெள்ளம் வந்தது. ஏரியில் வண்டல் படிந்தது. தாமரை மறைந்துபோனது. தாமரை போனதும் பிழைப்பும் போனது. பல ஆண்டுகள் கழித்து ஏரியைத் தூர்வாரினார்கள். 2025-ஆம் ஆண்டில் வூலர் ஏரியில் மறுபடியும் தாமரை பூத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தது சாகவில்லை. வழி கிடைத்ததும் மேலே வந்துவிட்டது.

தாமரை நம் நாட்டின் தேசிய மலர். தேசிய மலராக இருக்க அதற்குத் தகுதி உண்டு அல்லவா?

பெயர் எப்படிப் பரவியது

தாமரையும் லட்சுமியும் சேர்ந்த உருவம் மிகப் பழையது. மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சி என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள புத்தத் தூபியின் வாயில்களில் இந்த உருவத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தாமரையில் ஒரு பெண், இரண்டு பக்கமும் யானைகள். அந்தச் சிற்பங்களுக்கு ஏறக்குறைய 2000 வயது. புத்த சமயத்தாருக்கும் தாமரை புனிதமானது. சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாமல் நிற்பதால் தூய மனத்துக்கு அதை அடையாளமாகச் சொல்வார்கள்.

பீகாரில் மிதிலைப் பகுதியில் கமலா என்று ஓர் ஆறு ஓடுகிறது. நேபாளத்தில் பிறந்து, மதுபனி மாவட்டத்தின் வழியாக வருகிறது. வயலுக்கு வண்டல் மண்ணைக் கொண்டுவருகிறது. சில ஆண்டுகளில் வெள்ளமாக வந்து வீட்டையும் அடித்துச் செல்கிறது. ஆனாலும் அங்குள்ள மக்கள் அந்த ஆற்றைத் தாய் என்றே கும்பிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் திருவாரூரில் கமலாலயம் என்ற பெரிய கோயில் குளம் இருக்கிறது. அங்குள்ள அம்மனின் பெயர் கமலாம்பாள். அந்தப் பக்கத்தில் பெண்களுக்கு அந்தப் பெயரை வைப்பது வழக்கம்.

இப்படிக் கடவுள், ஆறு, கோயில் என்று பல வழிகளில் இந்தப் பெயர் வீடுகளுக்குள் வந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. கமலா என்ற பெயருள்ள பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். நாடு அவர்கள் பெயரைக் கேட்டது.

நான்கு கமலாக்கள்

முதலில் கமலாபாய். 1913-ஆம் ஆண்டு. இந்தியாவில் சினிமா அப்போதுதான் பிறந்திருந்தது. பெண்கள் நடிக்க வரமாட்டார்கள். ஆண்களே சேலை கட்டிப் பெண் வேடம் போட்டார்கள். அந்த ஆண்டில் தாதாசாகேப் பால்கே எடுத்த 'மோகினி பஸ்மாசுர்' என்ற படத்தில் கமலாபாய் நடித்தார். அவர் அப்போது சிறுமி. அவருடைய தாய் துர்காபாயும் அதே படத்தில் நடித்தார். இந்தியப் படத்தில் முதலில் நடித்த பெண்கள் இவர்கள் இருவரும்தான்.

இரண்டாவது கமலா நேரு. ஜவாகர்லால் நேருவின் மனைவி. 1899-இல் டெல்லியில் பிறந்தார். வீட்டிலேயே படித்தவர். அமைதியானவர். ஆனால் போராட்டம் வந்தபோது தெருவுக்கு வந்தார். அலகாபாத்தில் பெண்களைத் திரட்டி, அந்நியத் துணி விற்கும் கடைகளின் முன்னால் மறியல் செய்தார். 1931-ஆம் ஆண்டின் முதல் நாளில் கைதானார். காசநோயால் 1936-இல், 36 வயதில் இறந்தார். காயம்பட்ட தொண்டர்களுக்காக அவர் நடத்திய சிறு மருந்தகத்தின் நினைவாக அலகாபாத்தில் ஒரு மருத்துவமனை கட்டினார்கள். 1939-இல் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஊரின் பெயர் 2018 முதல் பிரயாக்ராஜ். கமலாவின் பேரன்தான் பின்னாளில் பிரதமரான ராஜீவ் காந்தி. ராஜீவ் என்றாலும் தாமரை என்று முன்பே பார்த்தோம். பாட்டியின் நினைவாகவே பேரனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

மூன்றாவது கமலாதேவி சட்டோபாத்யாய. 1903-இல் மங்களூரில் பிறந்தார். சிறு வயதிலேயே திருமணம் செய்துவைத்தார்கள். கணவர் இறந்துவிட்டார். விதவை என்று வீட்டுக்குள் முடங்காமல் படித்தார். மறுமணம் செய்துகொண்டார். 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். பெண்கள் தேர்தலில் நிற்பது அப்போது புதுமை. சில வாக்குகளில் தோற்றார். ஆனால் ஓயவில்லை. 1930-இல் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். நாடு பிரிந்தபோது அகதிகளாக வந்தவர்களுக்குப் பரீதாபாத்தில் குடியிருப்பு அமைக்கப் பாடுபட்டார். பிறகு நெசவாளர், குயவர், தச்சர், பாய் பின்னுவோர் போன்ற கைத்தொழிலாளர்களுக்காக உழைத்தார். இன்று நாம் வாங்கும் பல கைவினைப் பொருட்கள் அழியாமல் இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நான்காவது கமலா சோஹனி. 1911-இல் பிறந்தார். பம்பாயில் பட்டப் படிப்பில் முதலிடம் பெற்றார். 1933-இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநர் சர் சி.வி. ராமன். பெண் என்ற காரணத்தால் இடம் இல்லை என்றார். கமலா நேரில் போய் வாதாடினார். நகரமாட்டேன் என்று உறுதியாக நின்றார். கடைசியில் பல நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய உழைப்பைப் பார்த்த பிறகு மற்றப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. 1939-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர். நாடு திரும்பி என்ன ஆராய்ந்தார் தெரியுமா? ஏழைகள் சாப்பிடும் பருப்பு வகைகளில் என்ன சத்து இருக்கிறது, மரத்திலிருந்து இறக்கும் நீராவில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராய்ந்தார்.

இந்த நான்கு பேரும் செய்தது வேறு வேறு வேலை. ஆனால் நால்வருமே "உனக்கு இங்கே இடம் இல்லை" என்ற சொல்லைத் தாண்டி வந்தவர்கள்.

எல்லோருக்கும் நல்ல பெயர் கிடைத்ததா?

பூவின் பெயரும் தெய்வத்தின் பெயரும் எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மனுஸ்மிருதி என்ற பழைய நூல் பெயரிலும் பிரிவினை வைத்தது. சிலருக்கு மங்கலமான பெயர் வைக்க வேண்டும், சூத்திரருக்கு இழிவான பெயர் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. பெயரைக் கேட்டதுமே ஒருவரை மட்டம் தட்ட அது ஒரு வழி.

குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்கள் எல்லாம் இப்படி வந்தவை என்று சொல்ல முடியாது. முன்பு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அடுத்த குழந்தையாவது தங்க வேண்டும் என்று பெற்றோர் இப்படிப் பெயர் வைத்தார்கள். மராட்டியத்தில் கச்ரு என்று வைத்தார்கள். கச்ரா என்றால் குப்பை. எமனும் வேண்டாம் என்று விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. அந்தக் குப்பைக்குள் இருந்தது பெற்றவர்களின் பாசம்.

பாசம் இல்லாத பெயரும் உண்டு. மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில், பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த சிலர் மகளுக்கு நகுஷா என்று பெயர் வைத்தார்கள். வேண்டாதவள் என்று பொருள். பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது அந்தச் சிறுமிக்கு எப்படி இருந்திருக்கும்? 2011 அக்டோபரில் அந்த மாவட்டத்தில் ஒரு விழா நடந்தது. 285 சிறுமிகளுக்குப் புதிய பெயர் சூட்டினார்கள். நம் பக்கத்திலும் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்?

28 லட்சம் பெயர்கள்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நல்ல பெயர் வைத்த பிறகும் அது எங்கே போகிறது?

விடுதலைக்குப் பிறகு முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்தது. அதற்கு முன்பே வாக்காளர் பட்டியல் தயாரித்தார்கள். வீடு வீடாக ஆட்கள் போனார்கள். 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு உண்டு.

ஒரு வட நாட்டுக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்காருகிறார். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறார்.

"வீட்டில் உள்ள பெண்ணின் பெயர் என்ன?"

"ராமுவின் அம்மா என்று எழுதிக்கொள்ளுங்கள்."

"அது உறவு. அவருடைய பெயர் என்ன?"

"எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

இப்படித்தான் பல ஊர்களில் நடந்தது. பெண்ணின் பெயரை வெளி ஆளிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். பட்டியலில் இன்னாரின் அம்மா, இன்னாரின் மனைவி என்று எழுதினார்கள். தேர்தல் ஆணையம் இதை ஏற்கவில்லை. வாக்கு ஒரு மனிதருக்கு உரியது. அந்த மனிதருக்குப் பெயர் வேண்டும். பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பலர் சொன்னார்கள். பலர் சொல்லவில்லை.

சொல்லாதவர்களின் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இப்படிப் பட்டியலில் இருந்து விழுந்துபோனார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பகுதிகளில்தான் இது அதிகம்.

28 லட்சம் பெண்கள்! அவர்களில் எத்தனை கமலாக்கள் இருந்தார்களோ? தாய் தகப்பன் ஆசையாக வைத்த பூவின் பெயர், வாசலைத் தாண்டி வரவில்லை. பெயர் வராததால் வாக்கும் வரவில்லை.

அன்று எழுத்தறிவும் குறைவு. 1951-இல் 100 பெண்களில் 9 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் அது 65 பேராக உயர்ந்தது. அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் பெயரைச் சொன்னார்கள். 2019 பொதுத் தேர்தலில் ஆண்களுக்குச் சமமாகவே பெண்கள் வந்து வாக்களித்தார்கள்.

வேறொரு வழக்கமும் உண்டு. மராட்டியத்திலும் சிந்தி மக்களிடமும் சில குடும்பங்களில் திருமணத்தன்று மணப்பெண்ணின் பெயரையே மாற்றிவிடுவார்கள். தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் புதுப் பெயரை எழுதுவார். அதுவரை கமலாவாக இருந்தவர் அன்று முதல் வேறு பெயர். இன்று பல பெண்கள் "என் பெயர் எனக்கு இருக்கட்டும்" என்று சொல்கிறார்கள்.

கடல் கடந்த கமலா

1958-இல் சியாமளா என்ற 19 வயதுப் பெண் மேல்படிப்புக்காக இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனார். அவருடைய தந்தையின் பூர்வீக ஊர், திருவாரூர் மாவட்டத்தில் உள்ள துளசேந்திரபுரம். சியாமளாவுக்கு 1964-இல் ஒரு மகள் பிறந்தாள். கமலா என்று பெயர் வைத்தார். அவர்தான் கமலா ஹாரிஸ்.

அந்த நாட்டு மக்களுக்கு இந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கமாலா, கமேலா என்று பலவிதமாகச் சொன்னார்கள். 2020 அக்டோபரில் தேர்தல் மேடையில் ஒரு செனட் உறுப்பினர் அந்தப் பெயரை வேண்டுமென்றே கோணலாகச் சொல்லிக் கேலி செய்தார். உடனே பலர் கிளம்பினார்கள். வாயில் நுழையாத பெயர் என்று பள்ளியிலும் வேலையிலும் கேலிக்கு ஆளானவர்கள் அவர்கள். தங்கள் பெயரையும் அதன் பொருளையும் எழுதி வெளியிட்டுப் பதில் சொன்னார்கள்.

கமலா ஹாரிஸ் தன் புத்தகத்தில் தன் பெயருக்குத் தாமரை என்று பொருள் சொல்லியிருக்கிறார். 2021 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை அவர் அமெரிக்கத் துணை அதிபராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

இன்று கமலாக்கள் எங்கே?

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்குக் கமலா என்று வைப்பவர்கள் குறைவு. பாட்டிகளிடம்தான் இந்தப் பெயரை அதிகம் கேட்கிறோம். பெயருக்கும் பருவம் உண்டு. ஒரு காலத்தில் பங்கஜம், அம்புஜம். பிறகு சரோஜா, கமலா. பிறகு பத்மா, நளினி. இன்று நீரஜ், நீரஜா. பூ அதேதான். தலைமுறைக்கு ஏற்ற பெயரில் வருகிறது. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் இருக்கும்வரை கமலாவும் திரும்பி வரலாம்.

பெயரைக் காப்போம்

வீட்டுக்கு வெளியேயும் பெயருக்கு வேலை இருக்கிறது. ரேஷன் அட்டையில் கமலா. வங்கிப் புத்தகத்தில் கமலம். பட்டாவில் கமலாம்மாள். மூவரும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். அலுவலகத்திற்குத் தெரியாது. முதியோர் ஓய்வூதியம் வரவேண்டிய நேரத்தில், நிலத்தை மாற்றி எழுதும் நேரத்தில் இது சிக்கலாகிவிடும்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிவு செய்யலாம். பெயரை ஓர் ஆண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துவிடலாம்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிப் படியுங்கள். பிழை இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம்.

ஆதார் அட்டையில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் முதலிலேயே சரியாகச் சொல்லுங்கள். எழுதுகிறவர் எழுதியதும் "படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இப்போது நீங்களே படித்துப் பார்க்கலாமே!

உங்கள் வீட்டில் ஒரு பாட்டி இருப்பார். பல ஆண்டுகளாக யாரும் அவர் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அவரிடம் போய் "பாட்டி, உங்க பேர் என்ன? யார் வெச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் கதையைக் கேளுங்கள். பிறகு அந்தப் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவர் கையில் கொடுங்கள்.

பேசுவோம்

1. உங்கள் பெயருக்கு என்ன பொருள்? யார் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்?

2. உங்கள் ஊரில் பூ, மரம், கொடி ஆகியவற்றின் பெயர் உள்ளவர்கள் யார் யார்?

3. முதல் தேர்தலில் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் ஏன் நீக்கப்பட்டன? அன்று நீங்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எழுதுவோம்

1. "ஜா" என்று முடியும் ஐந்து பெயர்களை எழுதுங்கள்.

2. உங்கள் அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா ஆகியோரின் முழுப் பெயர்களை எழுதுங்கள். தெரியாத பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

3. ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை ஆகிய மூன்றையும் எடுங்கள். மூன்றிலும் உங்கள் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா? இருப்பதை அப்படியே பார்த்து எழுதி ஒப்பிடுங்கள்.